குழி நிறைஞ்சா யாரு எடுப்பா?

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில் கோட்டுச்சேரியில் எங்கள் தெருவுக்கு ஒரு பெண் கையில் படிவத்தோடு வந்தது. சமூகப்பணி படிக்கிற பெண். சுகாதாரப் பழக்கவழக்கம் பற்றி ஆய்வாம். அத்தை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டது. வீட்டில் கழிப்பறை இருக்கிறதா, யார் யார் போகிறீர்கள், போய்வந்த பிறகு சோப்பு போட்டுக் கை கழுவுகிறீர்களா, சமைப்பதற்கு முன்னால் கழுவுகிறீர்களா, பிள்ளை மலத்தை எங்கே கொட்டுகிறீர்கள். அத்தை எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னது. கடைசியில் அதுவாக ஒரு கேள்வி கேட்டது.

“எல்லாத்தயும் கேட்டியே பாப்பா, குழி நிறைஞ்சா யாரு எடுப்பான்னு கேக்கலியே?”

அந்தப் பெண் படிவத்தை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தது. அப்படி ஒரு கட்டம் அதில் இல்லை.

இல்லாமல்போன அந்தக் கட்டத்துக்கு ஒரு நூறு வருஷத்து வரலாறு இருக்கிறது என்பதுதான் நான் இங்கே சொல்ல வருவது. நான் மருத்துவன் இல்லை, பொறியாளன் இல்லை. ஆனால் பீயைப் பற்றிப் பேசுவதற்கு எங்களைவிடத் தகுதியுள்ளவர்கள் இந்த நாட்டில் யார்? சுகாதாரம் பற்றி எழுதுகிறவர்கள் ‘மலம்’ என்றும் ‘கழிவு’ என்றும் எழுதிக்கொள்ளட்டும். அதை அள்ளுகிறவனுக்கு அது பீதான்.

காரைக்கால் 1739லிருந்து பிரெஞ்சுக்காரன் கையில் இருந்த மண். 1954 நவம்பர் 1ல் ஆட்சி கைமாறியது, சட்டப்படி சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16ல். பிரெஞ்சுக் காகிதங்களில் எங்கள் ஊரைக் ‘கோச்சேரி’ என்றுதான் எழுதினார்கள். பெயரிலேயே சேரி இருக்கிற ஊர் என்று வெளியூர்த் தோழர்கள் கிண்டல் பண்ணுவார்கள். பெயரில் இருந்து என்ன? ஊர் வேறு, சேரி வேறாகத்தான் இருந்தது. சமத்துவம், சகோதரத்துவம் என்று முத்திரை குத்திய அரசாங்கத்தின் கீழும் வாய்க்கால் தண்ணீர் முதலில் ஊருக்குப் போய்த்தான் பிறகு எங்களிடம் வந்தது.

கொல்லைக்குப் போவது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். யாருடைய கொல்லை? ஊர்க்காரனுக்குக் கொல்லை இருந்தது. எங்களுக்கு வாய்க்கால் கரையும் வரப்பும்தான். நடவுக்கும் அறுப்புக்கும் கூப்பிடுகிற அதே வயலில் அவசரத்துக்கு ஒதுங்கினால் வசவு விழும், சில நாள் அடியும் விழும். பொம்பளைகள் விடியறதுக்கு முன்னால் கூட்டமாகப் போய்வருவார்கள். விடிந்துவிட்டால் இருட்டுகிற வரைக்கும் அடக்கிக்கொள்ள வேண்டியதுதான். “அப்பல்லாம் ராத்திரி சோறு பாதி வயித்துக்குத்தான்” என்று அத்தை சொல்லும். வறுமையால் மட்டும் பாதி வயிறு இல்லை.

நான் தேடிப் படித்தவரைக்கும் இந்த ஆராய்ச்சிக் கதை ஆப்பிரிக்காவில்தான் தொடங்குகிறது. எகிப்தில், கெய்ரோவில், ஆர்தர் லூஸ் என்கிற ஜெர்மானியர் 1890களில் கொக்கிப்புழுவை ஆராய்ந்துகொண்டிருந்தார். புழுக்குஞ்சு இருந்த தண்ணீர் தவறிப்போய் அவர் கையில் சிந்தியது. கை அரித்துச் சிவந்தது. கொஞ்ச நாளில் அவர் மலத்திலேயே புழுவின் முட்டை வந்தது. வாய் வழியாகத்தான் புழு உள்ளே போகும் என்றிருந்த நம்பிக்கை அதோடு உடைந்தது. ஈரமண்ணில் கிடக்கிற பீயில் முட்டை பொரிந்து, குஞ்சு வெறுங்காலின் தோலைத் துளைத்து, ரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், அங்கிருந்து தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலுக்கு இறங்கி, அங்கே கொக்கி போட்டு உட்கார்ந்து ரத்தம் குடிக்கிறது. கால் அரிப்பை எங்கள் ஆட்கள் சேற்றுப்புண் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். அதன்பிறகு வருகிற சோகையை யாரும் காலோடு முடிச்சுப் போட்டதில்லை.

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் 1909ல் ராக்ஃபெல்லர் பணத்தில் கொக்கிப்புழு ஒழிப்பு தொடங்கியது. அங்கே பத்திரிகைக்காரர்கள் இதற்கு வைத்த பெயர் ‘சோம்பேறிக் கிருமி’. ஏழை வெள்ளைக்காரன் உழைக்காமல் கிடக்கிறான் என்றால் அவன் ரத்தத்தைப் புழு குடிக்கிறது என்று ஒரு விளக்கம் கிடைத்தது. அவனுக்காவது விளக்கம் கிடைத்தது. எங்கள் ஆயா வயலில் தலைசுற்றி உட்கார்ந்தபோது அதற்குச் சாதியைத் தவிர வேறு விளக்கம் யாரும் தேடவில்லை. “பறச்சிக்கு ஒடம்பு வளையல” என்றார்கள், அவ்வளவுதான்.

1916ல் அந்த இயக்கம் இலங்கைத் தோட்டங்களுக்கு வந்தது. ஏன் இலங்கை? தேயிலை. தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள் நம் ஆட்கள், திருச்சி, சேலம், மதுரை, ராமநாதபுரம் பக்கமிருந்து போனவர்கள், அவர்களில் கணிசமானோர் பள்ளர், பறையர், சக்கிலியர். ஆள் சோகையில் சுருண்டால் கொழுந்து நிறுவை குறையும், லாபம் குறையும். கீனோப்போடியம் எண்ணெய் என்கிற ஒரு மருந்தைக் குடிக்கக் கொடுத்தார்கள். அளவு தப்பினால் ஆளையே கொல்கிற மருந்து அது. மருந்து கொடுப்பதற்குத் துரைமார் தடை சொல்லவில்லை. கக்கூஸ் கட்டுங்கள், இல்லாவிட்டால் திரும்பத் திரும்பப் புழு ஏறும் என்று டாக்டர்கள் சொன்னபோதுதான் செலவைக் காட்டி இழுத்தடித்தார்கள். லயத்துக்குப் பின்னால் இருந்த மண் அப்படியே கிடந்தது. இலங்கைக்குப் போகிறவர்களை மண்டபம் முகாமில் நிறுத்தி, அம்மை குத்தி, புழுவுக்கும் மருந்து கொடுத்து அனுப்புகிற ஏற்பாடும் வந்தது. அதிகாரிகளின் எழுத்தில் நோயின் ஊற்று என்று எழுதப்பட்டது யாரை? புழுவை அல்ல, ‘கூலி’யை.

1920களில் சென்னை மாகாணத்திலும் இதே நிறுவனம் கொக்கிப்புழு வேலை பார்த்தது. கெண்ட்ரிக் என்கிற அமெரிக்க டாக்டர் அதை நடத்தினார். 1930களில் துளைக்குழிக் கக்கூஸ் வந்தது. ஓர் அடிக்குச் சற்று அதிகமான விட்டம், இருபதடி ஆழம், துரப்பணத்தால் மண்ணில் ஒரு துளை, மேலே ஒரு பலகை. ஐந்தாறு பேர் குடும்பத்துக்கு ஒரு வருஷம் தாங்கும், பிறகு மூடிவிட்டு வேறு துளை போடவேண்டும். காவிரிக் கடைமடையில் இருபதடி தோண்டினால் என்ன வரும் என்று எங்கள் ஊர்ச் சின்னப் பையனைக் கேட்டாலும் சொல்வான். தண்ணீர்தான் வரும்.

இந்த இயக்கம் போன இடமெல்லாம் மக்களுக்குச் சொன்ன புத்திமதி இரண்டு. ஒன்று, கக்கூஸில் இரு. இரண்டு, காலில் செருப்புப் போடு. தோழர்களே, இந்த இரண்டாவது புத்திமதியைக் கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வேண்டும். எந்த நாட்டில் வந்து யாரிடம் சொல்கிறார்கள்? ஊர்த் தெருவில் செருப்போடு நடந்தால் அந்தச் செருப்பையே தலையில் வைத்து நடக்கச் சொன்ன நாட்டில். புழுவின் வாழ்க்கை வட்டத்தைப் படம் போட்டுக் காட்டிய எந்த விளக்குப் படக்காரனும் அந்தப் படத்தில் மிராசுதாரரை வரையவில்லை. வெறுங்கால் என்பது அறியாமை என்று எழுதிவைத்தார்கள். அது எங்கள்மேல் போடப்பட்ட கட்டளை. ஆயா சாகிறவரைக்கும் செருப்புப் போட்டதில்லை. நாங்கள் வாங்கிக் கொடுத்த பிறகும் கையில் பிடித்துக்கொண்டுதான் நடக்கும். “கூசுதுடா” என்று சொல்லும்.

மறுபடியும் ஆப்பிரிக்காவுக்குப் போகவேண்டியிருக்கிறது. 1860லிருந்து தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குக் கப்பலேறினார்கள். காரைக்கால் துறையிலிருந்து ரீயூனியனுக்கும் மார்த்தினிக்குக்கும் குவாதலூப்புக்கும் போனவர்கள் கதை தனிக்கதை. டர்பன் நகராட்சி தன் குப்பையையும் பீயையும் அள்ள இந்தியர்களை வைத்தது. அவர்களை மேகசின் பாரக்ஸ் என்கிற குடியிருப்பில் அடைத்து வைத்தது. தெலுங்கும் தமிழும் பேசியவர்கள் அங்கே நிறைய. கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்பார்கள். சாதி போகிறதோ இல்லையோ, வாளி கூடவே கப்பலேறிப் போனது. கொழும்பிலும் கண்டியிலும் நகரசுத்தித் தொழிலாளர் குடியிருப்புகளைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

அதே டர்பனில் காந்தியின் வீட்டில் ஒரு குமாஸ்தா இருந்தார். பஞ்சமப் பெற்றோருக்குப் பிறந்த கிறிஸ்தவர். அவருடைய மூத்திரச் சட்டியை எடுக்கக் கஸ்தூரிபாவுக்கு மனமில்லை. முகம் சுளிக்காமல் எடு என்று காந்தி கத்தி, கையைப் பிடித்து வாசல்வரை இழுத்துக்கொண்டு போனார். ‘சத்திய சோதனை’யில் அவரே எழுதியிருக்கிறார். பலரும் அதைக் காந்தியின் மனசாட்சிக்குச் சான்றாகப் படிக்கிறார்கள், சிலர் கஸ்தூரிபா பக்கம் நின்று படிக்கிறார்கள். நான் அந்தக் குமாஸ்தா பக்கம் நின்று படிக்கிறேன். அவருடைய சட்டியைப் பற்றி இரண்டு பேர் சண்டை போடுகிறார்கள், அந்தக் காட்சியில் அவர் வாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. தன் சட்டியைத் தானே கழுவிக்கொள்ள அவர் தயாராக இருந்தாரா என்று கேட்கவும் ஆளில்லை. துப்புரவுத் தொழிலைப் புனிதமாக்கிப் பேசுகிற இந்தப் பாணியை அம்பேத்கர் 1945ல் வந்த தன் நூலில் கிழித்துப் போட்டார் என்பது இந்த இதழின் வாசகர்களுக்குத் தெரிந்ததுதான்.

சுகாதாரம் என்கிற சொல் எப்படியெல்லாம் பயன்பட்டிருக்கிறது என்பதற்கு இன்னொன்று. 1901ல் கேப் டவுனில் பிளேக் வந்தது. நோயைக் காரணம் காட்டி நகரத்துக்குள் குடியிருந்த ஆப்பிரிக்கர்களை மூட்டை கட்டவைத்து நகருக்கு வெளியே உயிட்விளக்ட் என்கிற இடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். பிளேக் போய்விட்டது. அவர்கள் ஊருக்குள் திரும்பி வர விடப்படவில்லை. சேரி உண்டான கதையை யாராவது ஆப்பிரிக்கத் தோழனுக்குச் சொன்னால் அவனுக்கு அகராதி தேவைப்படாது.

சுதந்திரத்துக்குப் பிறகு 1950களில் ஃபோர்டு ஃபவுண்டேஷன் பணத்தோடு மத்திய சுகாதார அமைச்சகம் மூன்று இடங்களில் சுற்றுப்புற சுகாதார ஆராய்ச்சி நடத்தியது. வங்காளத்தில் சிங்கூர், டெல்லிப் பக்கம் நஜஃப்கர், நம் சென்னைக்குப் பக்கத்தில் பூந்தமல்லி. ‘ஆய்வும் செயலும்’ என்று அதற்குப் பெயர். அதிலிருந்து வந்ததுதான் ஆர்.சி.ஏ. கக்கூஸ். இன்றைக்கு நாம் குந்துகிற கோப்பையின் தாத்தா அது. அதைப் பழித்துப் பேச நான் தயாராக இல்லை, புத்திசாலித்தனமான சாமான். கோப்பைக்குக் கீழே வளைந்த குழாயில் இரண்டு சென்டிமீட்டர் தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீர்தான் கதவு. நாற்றமும் ஈயும் மேலே வராது. நீர்மட்டத்தை இரண்டே சென்டிமீட்டராக வைத்ததால் ஒன்றிரண்டு லிட்டர் ஊற்றினாலே தள்ளிக்கொண்டு போய்விடும். குடத்தில் தண்ணீர் சுமக்கிறவளை நினைத்து யாரோ ஒருவர் கணக்குப் போட்டிருக்கிறார். குழி இரண்டரை அடி விட்டம், பத்து பன்னிரண்டடி ஆழம். குடிதண்ணீர்க் கிணற்றிலிருந்து 15 மீட்டர் தள்ளி இருக்கவேண்டும்.

சேரி மனைக்கட்டில் 15 மீட்டர் நடந்தால் அடுத்தவன் அடுப்படிக்குள் நிற்போம். சரி, அதை விடுவோம். குழி நிறைந்தால்? பக்கத்தில் இன்னொரு குழி வெட்டிக் குழாயைத் திருப்பு, பழைய குழி மூடிக்கிடக்கட்டும், காய்ந்து எருவாகும், அள்ளி வயலில் போடலாம். பின்னால் வந்த இரட்டைக்குழிக் கக்கூஸுக்கும் இதுதான் தத்துவம். அறிவியல்படி சரி. ஒரு வருஷத்துக்கு மேல் மூடிக்கிடந்தால் அது பீ இல்லை, மண்தான். ஆனால் ‘அள்ளு’ என்கிற வினைச்சொல்லுக்கு இந்த நாட்டில் எழுவாய் யார் என்று எல்லோருக்கும் தெரியும். ஆராய்ச்சியாளர்கள் மட்டும் அந்த வாக்கியத்தை எழுவாய் இல்லாமல் எழுதிவிட்டுப் போனார்கள்.

எங்கள் தெருவில் திட்டத்தில் கட்டிக்கொடுத்த கக்கூஸ்களுக்கு சிமெண்ட் உறைதான் இறக்கினார்கள். மூன்று உறை, நாலு உறை. அதற்குமேல் இறங்க ஊற்று விடாது. கார்த்திகையில் அடைமழை பிடித்தால் குழித்தண்ணீரும் வயல்தண்ணீரும் ஒரே மட்டம். கோப்பையில் ஊற்றுகிற தண்ணீர் கீழே போகாமல் நம்மைப் பார்த்துக்கொண்டு நிற்கும். அப்புறம் பழைய வாய்க்கால் கரைதான். அதையும் பட்டியலில் எழுதுகிறவர்கள் ‘பழக்கத்தை மாற்றிக்கொள்ளாதவர்கள்’ என்று எழுதுவார்கள்.

சித்தப்பா விவசாயக் கூலி. அவர் காலத்தில் எங்கள் வீட்டில் யாரும் துப்புரவு வேலைக்குப் போனதில்லை. 80களின் பிற்பாதியில் ஒருநாள் அறுப்புக் கூலி பாக்கி கேட்கப் போனவரை ஒரு பெரிய வீட்டில் செப்டிக் டேங்க் மூடியைத் தூக்கச் சொன்னார்கள். தூக்கினார். வாளியும் கயிறும் கொண்டுவந்து வைத்தார்கள். “பாக்கியோட சேத்து வாங்கிக்க” என்று சொன்னார்களாம். இறங்கினார். பாதியில் மயக்கம் வந்து, கூடப் போன இன்னொருவர் கயிற்றால் இழுத்துப் போட்டு உயிர் தப்பியது. கூலி கொடுத்தார்கள், கூடவே ஒரு குவார்ட்டரும். கொல்லை வழியாகப் போகச் சொன்னார்கள். மூன்று நாள் சித்தப்பா சோறு தின்னவில்லை. சித்தி ரசத்தைக் கரைத்து ஊட்டப்போனால், “கையி நாறுது, நீ ஊட்டாத” என்று தள்ளிவிட்டார். சித்தியின் கையா நாறியது? அதற்குப் பிறகு அவர் அந்த வீட்டு வயலுக்குப் போகவில்லை, அந்த வருஷம் முழுக்க வேலை குறைச்சல். இதை அவர் யாரிடமும் உட்கார்ந்து சொன்னதில்லை, துண்டு துண்டாக நாங்கள் சேர்த்துக்கொண்டதுதான்.

செப்டிக் டேங்க் ஏன் அவ்வளவு பெரியதாகக் கட்டுகிறார்கள் என்பதை நான் புரிந்துகொண்டது அதற்கு வெகுகாலம் கழித்து. டயேன் காஃபியும் டீன் ஸ்பியர்ஸும் 2017ல் இந்தியாவின் கக்கூஸ் பிரச்சினை பற்றி ஒரு புத்தகம் எழுதினார்கள். அவர்கள் கேட்ட கேள்வி எளிமையானது. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி இந்தியாவில் பாதி வீடுகள், 49.8 சதவீதம், திறந்தவெளியில் போனார்கள். 2015ல் உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் போட்ட கணக்கில் இந்தியாவில் 44 சதவீதம், சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில் 23 சதவீதம். இந்தியாவைவிட ஏழை நாடுகள், எழுத்தறிவும் தண்ணீர் வசதியும் குறைந்த நாடுகள். அங்கே ஏன் குறைவு? அங்கே சாதாரணக் குழிக் கக்கூஸை ஜனங்கள் தாங்களே வெட்டிக்கொள்கிறார்கள், நிறைந்தால் இன்னொன்று வெட்டுகிறார்கள். ஜிம்பாப்வேயில் 1970களில் பிளேர் ஆய்வகத்தில் பீட்டர் மோர்கன் உருவாக்கிய காற்றோட்டக் குழிக் கக்கூஸ் கிராமம் கிராமமாகப் போனது. இருட்டான அறை, உயரமான குழாய், அதன் தலையில் வலை. வெளிச்சத்தைத் தேடி ஈ குழாயில் ஏறி வலையில் மாட்டிச் சாகும். இங்கே மட்டும் கிராமத்துச் சாதிக்காரன் சின்னக் குழி என்றால் வேண்டாம் என்கிறான். சீக்கிரம் நிறையும், நிறைந்தால் அள்ளவேண்டும், அள்ளினால் தீட்டு, அள்ளுகிறவனும் முன்போல் கூப்பிட்ட குரலுக்கு வருவதில்லை. ஒன்று ஆயுசுக்கும் நிறையாத தொட்டி கட்டவேண்டும், இல்லாவிட்டால் வயலுக்கே போய்விடவேண்டும். வட மாநிலங்கள் ஐந்தில் நடந்த கணக்கெடுப்பில் கக்கூஸ் இருக்கிற வீடுகளில் 40 சதவீதத்துக்கு மேல் ஒருவராவது வெளியேதான் போய்க்கொண்டிருந்தார்கள்.

பொருளாதார நிபுணர்கள் பெரிய புள்ளிவிவரத்தோடு வந்து சேர்ந்த இடத்தில் என் அத்தை ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. இருந்தாலும் அவர்கள் அதை எழுதினார்கள், தீண்டாமை என்று பெயர் சொல்லி எழுதினார்கள். அதற்காக அவர்களுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

ஆப்பிரிக்காவில் எல்லாம் சரி என்று நான் சொல்லவரவில்லை. தான்சானியாவின் தார் எஸ் சலாமில் குழிக்குள் இறங்கி அள்ளுகிறவர்களுக்குத் ‘தவளைகள்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ராத்திரியில் வந்து ராத்திரியிலேயே போகிறவர்கள். அங்கே அது ஏழ்மையின் தொழில், பட்டப்பெயரின் தொழில். தவளையின் பேரனும் தவளையாகத்தான் இருக்கவேண்டும் என்று எழுதிய சாஸ்திரம் அங்கே இல்லை. வித்தியாசம் இதுதான், சின்ன வித்தியாசம் இல்லை.

சமீப காலத்தில் அங்கே நடந்த பெரிய ஆராய்ச்சிகள் இரண்டைப் பற்றியும் சொல்லவேண்டும். ஜிம்பாப்வேயின் இரண்டு கிராமப்புற மாவட்டங்களில் 5,280 கர்ப்பிணிகளைச் சேர்த்துக்கொண்டு ஒன்று, கென்யாவில் 8,000க்கு மேற்பட்ட கர்ப்பிணிகளை வைத்து இன்னொன்று. கக்கூஸ் கட்டிக்கொடுத்து, கை கழுவச் சாமான் கொடுத்து, தண்ணீருக்கு மருந்து கொடுத்து, பிறந்த பிள்ளைகள் எவ்வளவு உயரம் வளர்கிறார்கள் என்று அளந்து பார்த்தார்கள். 2018லும் 2019லும் முடிவுகள் வந்தன. இவற்றால் பிள்ளைகளின் உயரம் கூடவில்லை, பேதியும் குறையவில்லை. சத்துணவு கொடுத்த வீடுகளில் மட்டும் கொஞ்சம் உயரம் கூடியது. ஆராய்ச்சியாளர்களே அதிர்ந்துபோனார்கள். மலிவான குழியும் ஒரு சோப்புக்கட்டியும் போதாது, பணக்காரத் தெருவில் என்ன இருக்கிறதோ அதுவே ஏழைத் தெருவிலும் வேண்டும் என்கிற பக்கம் பேச்சு திரும்பியது. குழாய்த் தண்ணீர், தரை, வடிகால், பீயைக் கண்ணில் படாமல் கொண்டுபோய்ச் சுத்திகரிக்கிற ஏற்பாடு. நூறு வருஷமாகக் குறைந்த செலவில் ஏழையைச் சுத்தப்படுத்துவது எப்படி என்று ஆராய்ந்தவர்கள் வாயிலிருந்து இது வந்தது என்பதைக் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும்.

சட்டங்கள் நமக்கும் வந்தன. 1993ல் ஒன்று, 2013ல் இன்னொன்று. 93க்குப் பிறகும் 2011 கணக்கெடுப்பில் மனிதர்கள் அள்ளுகிற எடுப்புக் கக்கூஸ்கள் 7,94,390 இருந்தன. சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் 2003ல் போட்ட வழக்கில் 2014 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. 1993லிருந்து சாக்கடையிலும் தொட்டியிலும் செத்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம். 2023 அக்டோபரில் இன்னொரு தீர்ப்பு அதை 30 லட்சமாக்கியது. நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்குகளில் 1993லிருந்து இப்படிச் செத்தவர்கள் எண்ணிக்கையில் முதலிடத்தில் நின்றது தமிழ்நாடு. பெரியார் மண் என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்த முதலிடத்தைப் பற்றியும் பேசலாம். 2024 ஜூன் 11ல் புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் பாதாளச் சாக்கடை வாயு வீட்டுக் கக்கூஸ்களுக்குள்ளேயே ஏறி மூன்று பேரைக் கொன்றது, அதில் ஒன்று பள்ளிக்கூடப் பெண். நாடே பேசியது, பேசவேண்டியதுதான். அதே வாயுவைக் குழிக்குள் இறங்கிக் குடித்துச் செத்தவர்களுக்குப் பத்திரிகையில் நாலு வரி.

சித்தப்பா மகன் பி.காம் படித்தவன். இப்போது லாரியில் மோட்டார் வைத்து உறிஞ்சுகிற வேலையில் ஓட்டுநராக இருக்கிறான். மிஷின்தானே, கை படாதே என்று எல்லோரும் சொன்னோம். குழாயை இறக்கினால் அடியில் கெட்டிப்பட்டது ஏறாது. “கொஞ்சம் எறங்கிக் கலக்கி வுட்டுருப்பா” என்று வீட்டுக்காரர்கள் சொல்வார்கள். இவன் இறங்க மாட்டேன் என்பான். “லாரிய கொண்டாந்துட்டு எறங்க மாட்டேன்னா என்னா அர்த்தம்?” என்று கேட்பார்களாம். இரண்டு முறை பாதியிலேயே குழாயைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டான். முதலாளி சம்பளத்தில் பிடித்தார்.

அன்றைக்கு அத்தை கேட்ட கேள்விக்குப் படிவத்தில் கட்டம் இல்லாததால் அந்தப் பெண் கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பிறகு, “நீங்க சொல்லுங்கம்மா, யாரு எடுப்பாங்க?” என்று கேட்டது.

“எந்தம்பியக் கூப்பிட்டாங்க. அப்பறம் அவம் மவனக் கூப்பிட்டாங்க. ஒங்க ஊட்ல யாரக் கூப்பிடுவீங்க பாப்பா?”

அந்தப் பெண் பதில் சொல்லவில்லை. படிவத்தின் ஓரத்தில், கட்டத்துக்கு வெளியே, சின்ன எழுத்தில் எதையோ எழுதியது. என்ன எழுதினாய் என்று நான் கேட்கவில்லை. அத்தை உள்ளே போய்த் தண்ணீர்ச் செம்பைக் கொண்டுவந்து நீட்டியது. வாங்கிக் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனது.